கடாரம் கொண்டவன் காத்த கணக்கு

ஆடித் திருவாதிரை வந்துவிட்டால் கங்கைகொண்ட சோழபுரம் களை கட்டிவிடுகிறது. மாமன்னன் இராசேந்திரன் பிறந்த நாள் என்று அரசே விழா எடுக்கிறது. மேடைதோறும் அவனுடைய வீரம் பேசப்படுகிறது. கங்கை வரை சென்றான், கடல் கடந்தான், கடாரம் கொண்டான் என்று கேட்கும்போது நமக்கும் நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. நிமிரட்டும், அதில் தவறில்லை.

ஆனால் வாளை மட்டும் பார்த்து ஒரு மன்னனை எடை போட்டுவிட முடியுமா? அவன் ஆட்சி எப்படி நடந்தது, யாருக்குக் கல்வி கிடைத்தது, ஊருக்குக் காவல் நின்றவர் யார், அந்தக் காவலுக்குக் கூலி கொடுத்தவர் யார் என்றும் கேட்க வேண்டாமா? கேட்போம். அதற்குச் சோழபுரத்துக் கோபுரத்தைச் சற்று மறந்துவிட்டு, கொள்ளிடத்தின் கரையோடு மேற்கே நடந்து, அதே அரியலூர் மாவட்டத்தைச் சேர்ந்த திருமழபாடிக்குப் போக வேண்டும். சுந்தரர் பாடிய ஊர், பங்குனியில் நந்தி திருமணம் நடக்கும் ஊர் என்றுதான் மழபாடியைப் பலரும் அறிவர். அங்கே ஒரு சுவர் இருக்கிறது. இராசேந்திரனைப் பற்றி எந்த மேடையும் சொல்லாத ஒரு செய்தியை அந்தச் சுவர் சொல்கிறது.

முதலில் அவன் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

முதலாம் இராசராசனுக்கும் வானவன் மாதேவிக்கும் பிறந்தவன் இராசேந்திரன். இளமைப் பெயர் மதுராந்தகன். இளவரசனாக இருந்தபோதே தந்தையின் படைகளை நடத்திப் பழகியவன். 1012ஆம் ஆண்டில் தந்தையோடு சேர்ந்து ஆட்சிப் பொறுப்பை ஏற்றான். 1014இல் இராசராசன் மறைந்தான். மகன் தனியே அரியணையில் அமர்ந்தான். அன்று தொடங்கி 1044 வரை, முப்பது ஆண்டுகள் அவன் ஆட்சி.

தந்தை மறைவதற்குச் சற்று முன், தன் 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1012-13 அளவில், மழபாடிக் கோயிலைப் பற்றி ஓர் ஆணை பிறப்பித்திருந்தான். பழைய விமானத்தைப் பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும் என்பது ஆணை. அதோடு முடியவில்லை. சுவரைப் பிரிப்பதற்கு முன், அதில் வெட்டியிருந்த கல்வெட்டுகளையெல்லாம் பொத்தகத்தில் படியெடுத்து வைக்க வேண்டும் என்பதும் ஆணையின் பகுதி.

படியெடுத்தார்கள். கோயிலைப் பிரித்தார்கள். மன்னன் மறைந்தான். புதிய மன்னனுக்கு நூறு வேலைகள்: ஈழப் போர், பாண்டிய நாட்டு ஏற்பாடு, மேலைச் சாளுக்கியரோடு ஓயாத சண்டை, வடநாட்டுப் படையெடுப்பு, புதுத் தலைநகர். எந்த ஊர்க் கோயிலில் எந்தப் பழைய எழுத்து இருந்தது என்று கவலைப்பட யாருக்கு நேரம்? மறந்துவிட்டிருந்தால் கேட்பார் எவர்? ஆனால் மறக்கவில்லை. இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், 1025-26 அளவில், பொத்தகத்தில் இருந்த பழைய சாசனங்கள் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. ஆணைக்கும் நிறைவேற்றத்துக்கும் இடையே 13 ஆண்டுகள். இடையில் ஒரு மன்னன் மறைந்து இன்னொருவன் வந்திருந்தான். அரசின் சொல் மட்டும் மாறவில்லை.

கடாரப் படையெடுப்பும் ஏறத்தாழ அதே காலத்தில்தான் நடந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் கடல் கடந்து கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. இன்னொரு பக்கம் கொள்ளிடக் கரையில் ஒரு தச்சன், உளியைக் கையில் பிடித்துப் பழைய கணக்கைக் கல்லில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

பழைய எழுத்துக்கு இத்தனை மதிப்பு ஏன்? அன்று கோயில் சுவர்தான் பத்திரப்பதிவு அலுவலகம். அதுதான் வருவாய்க் கச்சேரி. நீதிமன்ற ஏடும் அதுவே. யார் எந்த நிலத்தைக் கொடுத்தார், எல்லை எது, வரி எவ்வளவு, நந்தா விளக்குக்கு விட்ட ஆடுகள் யார் பொறுப்பில் இருக்கின்றன, அவற்றிலிருந்து நாள்தோறும் எவ்வளவு நெய் வர வேண்டும் என்று எல்லாமே அந்தக் கல்லில் கிடந்தது. கல் போனால் சாட்சி போச்சு. சாட்சி போனால் வலுத்தவன் வைத்ததே எல்லை. சுவரைப் பிரிப்பதற்கு முன் எழுத்தைக் காப்பாற்றியது இதனால்தான். இது இராசராசன் கண்டுபிடித்த வழியுமன்று. அவனுக்கு முன்பே, கண்டராதித்தன் தேவியான செம்பியன் மாதேவி, திருக்கோடிக்காவலில் கோயிலைக் கற்றளியாக எடுத்தபோது பழைய கல்வெட்டுகளை மறுபடி வெட்டச் செய்திருக்கிறாள். குடும்பத்தின் நல்ல வழக்கத்தை இராசேந்திரன் கைவிடவில்லை.

மழபாடியில் மட்டுமா? நாகப்பட்டினத்தில் சீவிசய நாட்டு மன்னன் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு இராசராசன் ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாகக் கொடுத்தான். கொடுத்தவன் மறைந்த பிறகு, அந்தக் கொடையைச் செப்பேட்டில் பொறித்து நிலைக்கச் செய்தவன் இராசேந்திரன். கொடுத்தது சைவன், பெற்றது பௌத்தப் பள்ளி, அதை எடுப்பித்தது கடலுக்கு அப்பாலிருந்த அயல்நாட்டு அரசன். ஆனாலும் தந்தை வாய்மொழிந்தது தனயனைக் கட்டியது. அந்தச் செப்பேடுகளைத்தான் பிற்காலத்தில் டச்சுக்காரர்கள் லெய்டன் நகருக்குக் கொண்டுபோனார்கள்.

இவையெல்லாம் ஒரு மனிதனுடைய நல்ல குணத்தால் மட்டும் நடந்துவிடவில்லை. அதற்கென்று ஓர் அமைப்பு இருந்தது. மன்னன் வாயால் சொன்னது திருவாய்க்கேள்வி. அதை எழுதியவன் திருமந்திர ஓலை. எழுதியதைச் சரிபார்த்தவன் ஓலைநாயகம். பிறகு புரவுவரித் திணைக்களத்தார் கையில் அது போய், வரிப்பொத்தகத்தில் ஏறும். அதன் பிறகுதான் ஊருக்கு ஓலை வரும். ஒவ்வொரு கட்டத்திலும் இன்னார் என்று பெயர் பதிவாகும். பின்னால் தகராறு வந்தால், யார் எழுதினார், யார் பார்த்தார் என்று கேட்கலாம். 1001ஆம் ஆண்டு தொடங்கி இராசராசன் நாட்டு நிலத்தை அளப்பித்தான். இங்கிலாந்தில் வில்லியம் அரசன் நிலக் கணக்கு எடுத்தது 1086இல். அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு மேல் முந்தியது இந்த அளவை. இராசேந்திரன் ஆட்சி அந்த அளவையின் மேல்தான் நின்றது.

ஊர் மட்டத்திலும் கணக்குக்கு மதிப்பு இருந்தது. இராசேந்திரனுக்கு நூறாண்டு முன்னால், முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளில், குடவோலை முறையை விவரிக்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி வரக்கூடாது. அவன் உறவினரும் வரக்கூடாது. பிறர் பொருளைக் கவர்ந்தவனுக்கும் இடமில்லை. இன்று எத்தனை பேருடைய வேட்பு மனு அந்தக் குடத்துக்குள் விழும் என்று எண்ணிப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது.

ஆனால் நாம் புகழ்மாலை கட்ட உட்காரவில்லை. அதே உத்தரமேரூர் விதிப்படி, சொந்த நிலமும் சொந்த மனையும் இல்லாதவனுக்குக் குடத்தில் ஓலை கிடையாது; வேதம் முதலிய கல்வியும் வேண்டும். அது பிராமண ஊரின் சபை. உழுதவனுக்கு அங்கே இடமில்லை; பெண்ணுக்கு இடமில்லை. ஊர் ஆட்சி என்று நாம் பெருமை பேசும்போது, ஊரில் யார் என்ற கேள்வியையும் கூடவே பேச வேண்டும்.

கல்வியைப் பார்ப்போம். விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் இராசேந்திரன் காலத்தில் ஒரு பெரிய கல்லூரி நடந்தது. கீழ்வகுப்பு மாணவர் 270 பேர், மேல்வகுப்பு மாணவர் 70 பேர், ஆக 340 பேர். ஆசிரியர் 14 பேர். இதற்கென்று 45 வேலி நிலம் விடப்பட்டிருந்தது. கீழ்வகுப்பு மாணவனுக்கு நாள் ஒன்றுக்கு 6 நாழி நெல். மேல்வகுப்பு மாணவனுக்கு 10 நாழி நெல். படிக்க வந்த பிள்ளை பட்டினி கிடக்கக்கூடாது என்ற எண்ணம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் இருந்திருக்கிறது. ஆசிரியர் எத்தனை, மாணவர் எத்தனை, யாருக்கு எவ்வளவு என்று கல்லில் எழுதி ஊரறிய வைத்த முறையைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

பாடம் என்ன? இருக்கு வேதத்துக்கு 75 பேர், யசுர் வேதத்துக்கு 75 பேர், ரூபாவதாரம் என்ற வடமொழி இலக்கணத்துக்கு 40 பேர். மற்ற கீழ்வகுப்பாரும் பிற வேதங்களுக்கும் சூத்திரங்களுக்கும் உரியவர்களே. மேல்வகுப்பில் வியாகரணத்துக்கு 25, பிரபாகர மீமாம்சைக்கு 35, வேதாந்தத்துக்கு 10. தமிழ் எங்கே? கோயிலில் திருவாய்மொழி பாடுவாருக்கு நெல் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆண்டவன் முன்னே பாடலாம். பாடசாலைப் பட்டியலில் அதற்கு இடம் இல்லை. தமிழ் மன்னன், தமிழில் மெய்க்கீர்த்தி எழுதியவன், தமிழர் உழைத்த நெல்லைக் கொடுத்து நடத்திய கல்லூரியில் தமிழ் படிக்க ஒரு மாணவனுக்கும் இடம் எழுதவில்லை. உழவன் மகனுக்கும் நெசவாளன் மகனுக்கும் அங்கே வாசல் இல்லை. 45 வேலியை உழுதவர்கள் யார் என்பதை மட்டும் அந்தக் கல் சொல்லாமல் விட்டுவிட்டது.

அடுத்து, காவல். அந்நாளில் இன்றைய போலீசு போல் அரசு சம்பளத்தில் ஊர்தோறும் நிலையம் இல்லை. ஊர்க் காவலை ஊரே பார்த்துக்கொண்டது. அதற்கான செலவை ஊரே ஏற்றது. பாடிகாவல் என்று ஒரு கடமை கல்வெட்டுகளில் வருகிறதே, அது இந்தக் காவலுக்காகக் குடிகள் கொடுத்தது. தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் திருமெய்காப்பு நிற்கப் பல ஊர்ச் சபைகள் ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. அந்த ஆளுக்கு நெல்லும் அந்தந்த ஊரே அளந்தது. கோயில் தஞ்சையில்; காவற் செலவு சிற்றூரில்!

தண்டனை முறையில் ஒரு நல்ல தன்மையையும் காண்கிறோம். வேட்டைக்குப் போன இடத்தில் அம்பு தவறி ஒருவன் மாண்டுபோனான் என்பது போன்ற வழக்குகள் சோழர் கல்வெட்டுகளில் பல இடங்களில் வருகின்றன. உயிருக்கு உயிர் என்று கேட்காமல், வேண்டுமென்று செய்ததா, கைப்பிழையா என்று ஊரார் கூடி ஆராய்ந்தார்கள். கைப்பிழை என்று தெரிந்தால், மாண்டவன் பெயரால் கோயிலில் நந்தா விளக்கு எரிக்க ஆடு விடச் சொன்னார்கள். ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்பது வழக்கம். சினத்தை அடக்கி, பழிக்குப் பழியைத் தடுத்து, ஊர் இரண்டு படாமல் காத்த முறை அது. ஆனால் மாண்டவனுடைய மனைவி மக்களுக்கு என்ன கிடைத்தது என்று அந்தக் கல்லில் தேடினால், விளக்கு மட்டுமே தெரிகிறது.

இன்னொரு சொல்லையும் ஒளிக்க வேண்டாம். இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளிலேயே, வரி கணக்கிடும்போது நீக்க வேண்டிய இடங்களின் வரிசையில், ஊர்நத்தம், குளம், சுடுகாடு ஆகியவற்றோடு தீண்டாச்சேரி என்ற சொல்லும் வெட்டப்பட்டிருக்கிறது. நல்ல கணக்குப் பிள்ளையின் எழுத்து அது, எதையும் விடவில்லை. ஆகவேதான் நாட்டின் அழுக்கும் அதில் பதிந்துவிட்டது. நல்ல ஏடு அரசனின் புகழுக்கு மட்டுமன்றி அவன் காலத்துக் கொடுமைக்கும் சாட்சி. அந்தச் சாட்சியை அழிக்காமல் வைத்தார்களே, அதற்காகவும் நன்றி சொல்வோம்.

கடல் கடந்த இடங்களில் ஆட்சி எப்படி இருந்தது? ஈழத்தின் வடபகுதியை இராசராசன் காலத்திலேயே சோழர் பிடித்திருந்தார்கள். 1017-18 அளவில் இராசேந்திரன் படை ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்து, முடியையும் அணிகளையும் கைப்பற்றியது. மகிந்தன் பன்னிரண்டு ஆண்டுகள் சோழ நாட்டிலேயே கிடந்து மாண்டான். பொலன்னறுவையில் வானவன் மாதேவி பெயரால் எழுந்த சிவன் கோயில் இன்றும் நிற்கிறது. தாய் பெயரால் கோயில் கட்டியது பெருமையே. ஆனால் அதே படை விகாரங்களைக் கொள்ளையிட்டது என்று அந்தத் தீவின் சூளவம்சம் குறை சொல்கிறது. வென்றவன் கல்லையும் தோற்றவன் ஏட்டையும் சேர்த்துப் படிப்பதுதான் நேர்மை. 1070 வாக்கில் விசயபாகு எழுந்தான். ஈழத்தில் சோழர் ஆட்சி முடிந்தது. காவலன் என்று அந்த மக்கள் ஏற்காத ஆட்சி, ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக்கு மேல் அங்கே வேர் பிடிக்கவில்லை.

1025இல் சீவிசயத்தின் மேல் கப்பற்படை போயிற்று. சுமத்திராவின் துறைகள், மலேயாக் கரையின் கடாரம், மாநக்கவாரம் என்ற நிக்கோபார் என்று பல இடங்களை மெய்க்கீர்த்தி அடுக்குகிறது. எந்த அரச குலத்தின் விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை எழுதிக் கொடுத்தானோ, அதே குலத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் சிறைப்பட்டான். ஆனால் அந்தத் தீவுகளில் சோழ ஆட்சி நிலைத்துவிடவில்லை. அளவுகோலும் வரிப்பொத்தகமும் அங்கே போகவில்லை. வாள் போன இடமெல்லாம் வரலாறு சொல்ல ஒரு வரிதான் இருக்கிறது. ஏடு போன இடத்தைப் பற்றி இன்றும் பக்கம் பக்கமாக எழுதலாம்.

கங்கை வெற்றிக்குப் பின் புதுத் தலைநகர் எழுந்தது. வெற்றித் தூண் நடவேண்டிய இடத்தில் அவன் ஏரி வெட்டினான். சோழகங்கம் என்று பெயர். இன்று பொன்னேரி என்கிறார்கள். கொள்ளிடத்திலிருந்தும் வெள்ளாற்றிலிருந்தும் அதற்குக் கால்வாய் வந்தது. கரை மட்டும் 16 மைல் நீளம். அவன் வெற்றிகளில் ஏழைக்குப் பயன்பட்ட வெற்றி இதுதான் என்று நாம் சொல்லுவோம்.

1044இல் வடஆர்க்காட்டுப் பகுதியின் பிரமதேசத்தில் இராசேந்திரன் மறைந்தான். அவனோடு தேவி வீரமாதேவியும் தீப்பாய்ந்து மாண்டாள் என்று அவ்வூர்க் கல்வெட்டு சொல்கிறது. அவள் உடன்பிறந்தான் தண்ணீர்ப் பந்தலுக்குக் கொடை கொடுத்தான். கடல் கடந்து வணிகம் பார்த்த பேரரசில் ஓர் அரசிக்குக் கிடைத்த முடிவு தீ. இதையும் அந்த ஏடே சொல்கிறது.

அவன் தலைநகர் 1279 வரை சோழருக்கு இருந்தது. பிறகு பாழ்பட்டது. இடையில் எத்தனையோ அரசுகள் வந்தன, போயின. கடைசியில் கும்பினி வந்தது. இங்கேதான் மழபாடிச் சுவரின் முழு மதிப்பும் விளங்குகிறது.

1836இல் மழபாடிக்குக் கீழே, அதே கொள்ளிடத்தின் குறுக்கே, அணைக்கரையில் கீழணை கட்டினார்கள். ஆர்தர் காட்டன் திட்டம் அது. பாசனத்துக்கு நல்லது செய்தது, மறுக்கவில்லை. ஆனால் கல் எங்கிருந்து வந்தது? அருகே இருந்த கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிலைப் பெயர்த்தார்கள். சுற்று மதில் ஏறத்தாழ முழுவதும் போயிற்று; சிற்பக் கற்களும் போயின. எந்தக் கல்லில் என்ன எழுத்து இருந்தது என்று பார்த்தவர் உண்டா? படியெடுத்தவர் உண்டா? ஊர் ஏழை மக்கள் தடுத்துப் பார்த்தார்கள். அரசை அவமதித்தார்கள் என்று தண்டிக்கப்பட்டார்கள். கல் மதிலுக்குப் பதில் செங்கல் மதில் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்தார்கள். அந்த வாக்கு காற்றில் போயிற்று. 1855ஆம் ஆண்டு எழுதப்பட்ட ஓர் ஆங்கிலக் குறிப்பே இதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறது.

இரண்டு சுவர்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மழபாடியில் அரசு தானே சுவரைப் பிரித்தது. பிரிக்குமுன் எழுத்தைக் காத்தது. மன்னன் மாறியும் சொன்னபடி மீண்டும் வெட்டியது. சோழபுரத்தில் அரசு சுவரைப் பிரித்தது, எழுத்தை ஆற்றில் போட்டது, கேட்டவனைத் தண்டித்தது, கொடுத்த வாக்கை மறந்தது. முன்னது முடியாட்சி, அதில் குறை ஆயிரம் உண்டு, இங்கேயே எடுத்துக் காட்டினோம். பின்னது தன்னைச் சட்டத்தின் ஆட்சி என்று சொல்லிக்கொண்டது. எது ஆட்சி?

1886இல் கல்வெட்டுப் படிக்க ஹுல்ட்ஸ் என்ற செருமானிய அறிஞரை நியமித்தார்கள். அதன் பிறகுதான் மைப்படி எடுக்கும் வேலை ஒழுங்காக நடந்தது. சோழபுரத்துக் கோயில் 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. மகிழ்ச்சி. ஆனால் சிற்றூர்க் கோயில்களில் திருப்பணி என்ற பெயரால் எழுத்தின் மேல் சிமிட்டி பூசுவதும், மணலை வீசிக் கல்லைச் சுரண்டுவதும், பளிங்கு பதித்து மறைப்பதும் நம் கண்முன்னே நடந்திருக்கின்றன. அதைச் செய்தவர் வெள்ளைக்காரர் அல்லர்; நம்மவரே.

ஆகவே ஆடித் திருவாதிரையில் மாலை போடுவோர் போடட்டும். கடாரத்தைப் பற்றிப் பேசுவோர் பேசட்டும். நாம் கேட்பது சிறிய காரியம். ஒரு சுவரை இடிக்குமுன், ஓர் அலுவலகத்தை மாற்றுமுன், ஒரு கோப்பை எரிக்குமுன், அதில் யாருடைய நிலம், யாருடைய கூலி, யாருடைய நீதி எழுதியிருக்கிறது என்று பார்த்துப் படியெடுத்து வையுங்கள். முன்னாள் ஆட்சி ஏழைக்கு எழுதிக் கொடுத்ததை இந்நாள் ஆட்சி கிழிக்காதிருக்கட்டும். குறையைச் சொல்ல வந்தவனைக் காவலரை விட்டு விரட்டாதிருக்கட்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எண்ணாயிரத்தில் எழுதாமல் விட்ட பெயர்களை, உழவன் மகன் பெயரையும் சேரி மகள் பெயரையும், இன்றைய பள்ளிப் பதிவேட்டில் முதலில் எழுதட்டும்.

மழபாடிப் பக்கம் போகும் நண்பர்கள் சாமியைக் கும்பிட்டாலும் கும்பிடாவிட்டாலும், அந்தச் சுவரைச் சற்று நின்று பார்த்துவிட்டு வாருங்கள். தந்தை சொன்னதை மகன் 13 ஆண்டுகள் கழித்துச் செய்து முடித்த இடம் அது. கடாரம் கொண்டதைவிட அது கடினமான வேலை என்பதே நம் கருத்து.